ட்ராமும் கோச்சியும்: இரண்டு ஊர்களின் கணக்கு

சென்ற மாதம் நான் வானொலியில் பேசியதை எழுத்தில் தரும்படி சில நேயர்கள் கேட்டிருந்தார்கள். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன விடயங்களையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இந்த உரைக்குக் காரணம் என் மகள். அவள் இங்கே முதுமாணிப் படிப்புப் படிக்கிறாள். பாடம் பொருளாதாரப் புவியியல். அதற்குள் 'நிலைபேறான மாற்றங்கள்' என்று ஒரு பகுதி. நான் வணிகமாணி. புவியியல் என்றால் பள்ளிக்கூடத்தில் ஆறுகளையும் மலைகளையும் படத்தில் குறித்ததுதான் நினைவில் இருக்கிறது. அதனால் அவள் படிப்பைப் பற்றி நான் அதிகம் கேட்டதில்லை. ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அவளே என்னிடம் கேட்டாள்.

"அப்பா, 1990க்குப் பிறகு நீங்கள் எல்லாரும் சைக்கிளிலதானே போய் வந்தனீங்கள்? பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை. இப்ப உலகம் முழுக்கப் போக நினைக்கிற இடத்துக்கு யாழ்ப்பாணம் அப்பவே போயிட்டுது போல கிடக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்கள் போகேல்லைப் பிள்ளை, எங்களைத் தள்ளிவிட்டவை" என்றேன். அவள் விடவில்லை. "அது விளங்குது அப்பா. ஆனால் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் எண்டு நீங்கள் சொன்னால்தானே நான் எழுதலாம்" என்றாள்.

கேள்வி நியாயமானது. கோபம் அதற்குப் பதிலாகாது. எனவே சில வாரங்கள் நூலகத்தில் இருந்து வாசித்து, எனக்குத் தெரிந்த இரண்டு ஊர்களை, யாழ்ப்பாணத்தையும் ஒக்லாந்தையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தேன்.

பாடம் என்ன சொல்கிறது?

எந்தத் தொழில் எந்த இடத்தில் வருகிறது, ஏன் அங்கே வருகிறது, அது வந்தபின் அந்த இடத்துக்கு என்ன நடக்கிறது என்று ஆராய்வதே பொருளாதாரப் புவியியல். எங்களுக்கு இது புதிதல்ல. காங்கேசன்துறையில் 1950 இல் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது, சுண்ணாம்புக்கல் அங்கே இருந்தபடியால். பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை வந்தது, ஆனையிறவு உப்பு பக்கத்தில் இருந்தபடியால். இந்தப் பாடத்தில் தூரத்தைக் கிலோமீற்றரால் மட்டும் அளப்பதில்லை. பணமும் நேரமும் எவ்வளவு செலவாகின்றன என்றும் அளக்கிறார்கள். இதை நேயர்கள் நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு சமுதாயம் ஒரு வழிமுறையை விட்டு இன்னொன்றுக்கு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது மகள் படிக்கும் இரண்டாவது பகுதி. பாய்க்கப்பலில் இருந்து நீராவிக் கப்பலுக்கு உலகம் மாறிய கதையை வைத்து, ஒல்லாந்து அறிஞர் ஃபிராங்க் கீல்ஸ் 2002 இல் எழுதிய கட்டுரை இத்துறையில் பெயர்பெற்றது. வல்வெட்டித்துறை நேயர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். நீராவிக் கப்பல்கள் கடலை ஆண்ட காலத்திலேயே, 1938 இல், வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. பழையது ஒரே நாளில் மறைந்துவிடுவதில்லை.

கீல்ஸ் சொல்வதை எங்கள் தோட்டக்காரர் மொழியில் இப்படிச் சொல்லலாம். புதிய வழிமுறை முதலில் ஒரு நாற்றுமேடையில் வளர்கிறது. வெளியே வயலில் பழைய வழிமுறை வேரோடி நிற்கிறது. வீதி, சட்டம், கடன், பழக்கம் எல்லாம் அதற்கு ஏற்றபடி அமைந்திருக்கின்றன. போர், எண்ணெய் விலை, காலநிலை போன்ற பெரிய காற்று அடித்துப் பழையது ஆட்டம் காணும்போது நாற்றுக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் நாற்று தயாராக இருக்க வேண்டும். காற்று மட்டும் போதாது.

1902: இரண்டு ஊரிலும் தண்டவாளம்

ஒக்லாந்தில் 1884 இல் குதிரை இழுக்கும் ட்ராம் வண்டி ஓடத் தொடங்கியது. 1902 நவம்பர் 17 இல் மின்சார ட்ராம் வந்தது. அடுத்த ஆண்டே அது ஒனிஹங்கா வரை போனது. வைத்தமாத்தா துறைமுகம் பசுபிக் பக்கம், மனுகாவ் துறைமுகம் தஸ்மன் கடல் பக்கம். ஒரு கடலோரத்தில் ஏறி மறு கடலோரத்தில் இறங்கக்கூடிய ட்ராம் என்று அதைப் பெருமையாகச் சொன்னார்கள். முதலில் ஒரு தனியார் கம்பனி நடத்தியது. 1919 இல் மாநகர சபை வாங்கியது. 1928 இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு போக்குவரத்துச் சபையின் கைக்குப் போனது.

அதே 1902 இல், மார்ச் மாதம், யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் கோச்சி ஓடத் தொடங்கியது. 1905 ஆகஸ்டில் பாதை முழுமையாகி, வடக்கு கொழும்போடு இணைந்தது.

ஒரே ஆண்டு, ஒரே இரும்பு. ஆனால் விளைவு வேறு. ஒக்லாந்தில் ட்ராம் நகரத்தை வெளிப்பக்கமாக விரித்தது. குவீன் வீதியில் வேலை செய்த எழுதுவினைஞர் நடைதூரத்தில் குடியிருக்க வேண்டிய தேவை போய்விட்டது. பாதை போன பக்கமெல்லாம் காணிகள் துண்டு துண்டாக விலைப்பட்டன. தரிப்பிடங்களில் கடைகள் வந்தன. கிங்ஸ்லாந்து, பல்மோரல், மவுண்ட் ஈடன், சாண்ட்றிங்ஹாம் கடைத்தெருக்களைக் கவனித்துப் பாருங்கள். ஒடுங்கிய முகப்புள்ள கடைகள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும். நடைபாதைக்கு மேலே கூரை இருக்கும். ட்ராமால் இறங்கி, நனையாமல் சாமான் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பதற்காக அமைந்த தெருக்கள் அவை. இன்று நாங்கள் முருங்கைக்காயும் கருவேப்பிலையும் வாங்கும் சாண்ட்றிங்ஹாம் கடைத்தெரு ட்ராம் பெற்ற பிள்ளை.

யாழ்ப்பாணத்தில் கோச்சி ஊரை விரிக்கவில்லை. ஊரைத் தூரத்துச் சந்தையோடு கட்டியது. புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் தெற்கே போயின. படித்த பிள்ளைகளும் தெற்கே போனார்கள், எழுதுவினைஞராக, ஆசிரியராக, கணக்காளராக. மாதாமாதம் காசுக்கட்டளை வடக்கே வந்தது. அந்தக் காசில் கிணறு வெட்டினார்கள், கல்வீடு கட்டினார்கள், சீதனம் கொடுத்தார்கள். ஆனால் முழு வருமானமும் ஒரே பாதையின் மறு முனையில் தங்கியிருந்தது. பாதை நின்றால் என்ன ஆகும் என்று அன்று எவரும் கணக்கில் எழுதி வைக்கவில்லை.

1956: ஒரு ஊரில் முடிவு, ஒரு ஊரில் தொடக்கம்

1956 ஏப்ரல் 23 இல் 'யாழ்தேவி' தன் முதற் பயணத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு டிசெம்பர் 29 இல் ஒக்லாந்தின் கடைசி ட்ராம் ஓடி முடிந்தது.

ஒக்லாந்து ஏன் ட்ராமைக் கைவிட்டது? கார் வந்தது, ட்ராம் போனது என்று ஒரு வரியில் சொல்வார்கள். நான் வாசித்தபோது அதற்கு முன்னால் ஒரு பக்கம் இருப்பதைக் கண்டேன். அதுதான் என் மகளின் கேள்விக்கு வழி காட்டியது.

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 இல் நியூசிலாந்திலும் பெற்றோல் பங்கீடு வந்தது. இடையில் தளர்த்தியும் இறுக்கியும் 1950 வரை அது நீடித்தது. கார் வைத்திருந்தவர்களும் ட்ராமில் ஏறினார்கள். வண்டிகள் நிரம்பி வழிந்தன. காபன் கணக்கு மட்டும் பார்த்தால் ஒக்லாந்து மிக நல்ல ஊராக இருந்த காலம் அது. ஆனால் அந்தக் காலத்தில் தண்டவாளமும் வண்டியும் தேய்ந்தன. புதுப்பிக்க இரும்பும் இல்லை, ஆளும் இல்லை. கணக்காளர் மொழியில் சொன்னால், தேய்மானம் நடந்துகொண்டிருந்தது, அதற்கு ஒதுக்கீடு வைக்கப்படவில்லை. பங்கீடு முடிந்ததும் கார் வாங்க முடிந்தவர்கள் போய்விட்டார்கள். கையில் இருந்தது தேய்ந்த ட்ராம். 1949 இல் தொடங்கி ஒவ்வொரு பாதையாக மூடினார்கள். பதிலாக மின்கம்பியில் ஓடும் ட்றொலி பஸ் வந்தது. அதுவும் 1980 இல் நின்றது.

வேறு வழி இருக்கவில்லையா? இருந்தது. நகரத்தின் நடுவே நிலக்கீழ் ரயில் பாதை போடும் யோசனை 1920களிலேயே வரைபடத்தில் வந்துவிட்டது. 1950 இல் ஹால்குறோ, தோமஸ் என்ற இரு பொறியியலாளர்கள் கொடுத்த அறிக்கை அந்தப் பாதையையும் ரயிலை மின்மயமாக்குவதையும் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதைக் கிடப்பில் போட்டது. 1955 இல் வந்த போக்குவரத்துத் திட்டம் பெருந்தெருக்களின் பக்கம் சாய்ந்தது. நகரம் அந்தப் பக்கமே போனது.

துறைமுகப் பாலத்தின் கதை இன்னும் தெளிவானது. 1959 மே 30 இல் அது நான்கு ஒழுங்கைகளோடு திறக்கப்பட்டது. முதலில் சொல்லப்பட்ட திட்டம் இதைவிட அகலமானது, நடைபாதையும் அதில் இருந்தது. செலவைக் குறைக்க வெட்டினார்கள். பத்து ஆண்டில் இடம் போதவில்லை. 1969 இல் இரண்டு பக்கமும் யப்பானில் செய்த துண்டுகளை ஒட்டி எட்டு ஒழுங்கை ஆக்கினார்கள். அன்று மிச்சம் பிடித்த காசு பிறகு வேறு பெயரில் செலவாகியது. வரவுசெலவுத் திட்டங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இது புதிய கதையல்ல.

பாலத்துக்குப் பிறகு ஊர் காரின் அளவுக்கு ஏற்பத் தைக்கப்பட்டது. 1963 இல் நியூ லின்னில் லின்மோல் திறந்தது, 1971 இல் சென்ற் லூக்ஸ். சுற்றிவரக் கார் நிறுத்தும் தரை, நடுவே கடைகள். நகரபிதா சேர் டோவ்-மையர் றொபின்சன் விரைவு ரயில் வேண்டும் என்று ஆண்டுக்கணக்காகப் போராடினார். 1976 இல் அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது.

விளைவை எண்களில் பாருங்கள். 1951 இல், நாலு லட்சத்துக்கும் குறைவான மக்கள் இருந்த ஒக்லாந்தில், பொதுப் போக்குவரத்தில் ஆண்டுக்கு 10 கோடிப் பயணங்கள் நடந்தன. 1994 இல் அது 3 கோடியே 30 லட்சத்துக்கு விழுந்தது. மறுபடி 10 கோடியைத் தொட 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது மக்கள்தொகை 16 லட்சம் அளவில் இருந்தது. ஒருமுறை பிடுங்கியதை மறுபடி நட்டு அதே விளைச்சல் எடுக்க 68 ஆண்டுகள்.

1990: எங்கள் ஊரின் பங்கீடு

1990 யூன் மாதத்தோடு யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி நின்றது. அதன்பின் பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று பட்டியல் நீண்டது. அதற்குள் வாழ்ந்த நேயர்களுக்கு நான் விபரம் சொல்லத் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரும்புகை பின்னால் ஒரு மைலுக்குத் தெரியும். இரவில் ஜாம் போத்தலுக்குள் சிறு திரி வைத்த விளக்கில் படித்தோம். செய்தி கேட்கச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவில் வானொலி பாடும். நான் இன்று வானொலியில் பேசுவதற்கு அந்தச் சைக்கிள் மிதிப்பும் ஒரு காரணம் என்று நினைப்பதுண்டு.

சைக்கிளே எல்லாம். விறகும் நெல்லும் அதில் வந்தன. நோயாளியும் கர்ப்பிணியும் அதன் பின் இருக்கையில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தெற்கே போக வேண்டியவர்கள் கிளாலிக் கடலேரியில் இரவில் படகேறினார்கள். அந்தத் தண்ணீரில் உயிர் போனவர்கள் பலர். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 'யாழ்தேவி' காலத்தில் அது ஒரு பகற்பொழுதுப் பயணம். கிளாலிக் காலத்தில் நாட்கணக்கு, சிலருக்கு உயிர்க்கணக்கு. கிலோமீற்றர் மாறவில்லை, தூரம் மாறிவிட்டது. நான் முன்பு நினைவில் வைத்திருக்கச் சொன்னது இதைத்தான்.

இப்போது மகளின் கேள்விக்கு வரலாம். காபன் கணக்கு மட்டும் எழுதினால் அவள் சொன்னது சரி. ஆனால் அது ஒரு பக்கம் மட்டும் எழுதிய பேரேடு. மறுபக்கத்தில் என்ன எழுத வேண்டும்? விறகு தேடிய பெண்களின் நேரம், மருந்து வந்து சேராமல் போன உயிர், உரம் இல்லாமல் குறைந்த விளைச்சல், மண்ணெண்ணெய் விலையில் கரைந்த நகை. எரிபொருள் மிச்சமாகவில்லை. அதன் செலவு மனிதரின் உடம்புக்கு மாற்றப்பட்டது.

அடுத்ததைக் கவனியுங்கள். 2002 இல் போர் நிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்தது. என்ன நடந்தது? மோட்டார் சைக்கிள்கள் வந்து இறங்கின. யாழ்ப்பாணம் சைக்கிள் ஊராக நிற்கவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டு ஆண்டு மிதித்த கால் அது. 1950 இல் பங்கீடு முடிந்ததும் ஒக்லாந்துக்காரர் செய்ததும் அதேதான். உலகின் இரண்டு அந்தலைகளில், நாற்பது ஐம்பது ஆண்டு இடைவெளியில், ஒரே பரிசோதனை நடந்து ஒரே முடிவு வந்திருக்கிறது. இல்லாமையால் வரும் சிக்கனம், இல்லாமை நீங்கிய மறுநாளே போய்விடும். காற்று அடித்தபோது நாற்றுமேடை வெறுமையாக இருந்தது. தண்டவாளம், நல்ல பஸ், வீட்டுக்குப் பக்கத்தில் கடை, பாதுகாப்பான பாதை என்று எதையாவது கட்டி வைத்திருந்தால்தான் மாற்றம் நிற்கும்.

நாங்கள் வந்த ஊர்

நாங்கள் வந்து சேர்ந்தது காருக்காகத் தைத்த ஒக்லாந்துக்கு. வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம், கோயில் இன்னொரு பக்கம். பஸ்ஸை நம்பி இரவு வேலைக்குப் போக முடியாது. அதனால் மொழி படிக்க முன்பே கார் ஓட்டப் படித்தோம்.

அந்தக் காரும் பொருளாதாரப் புவியியல்தான். 1980களின் கடைசியில் யப்பானின் பாவித்த கார்களுக்கு இறக்குமதிக் கதவு திறந்தது. 1998 இல் கார்த் தீர்வை முற்றாக நீங்கியது. அதே ஆண்டு, வீரியில் இருந்த நிசான் பொருத்தும் தொழிற்சாலையும் மூடப்பட்டது. உள்ளூர்த் தொழிலாளியின் வேலை போன அதே மாற்றத்தில் அகதியாக வந்தவருக்கு மலிவான கார் கிடைத்தது. எங்களில் அநேகரின் முதல் கார் அப்படி வந்த கொறோலாவோ சன்னியோதான். அதை வாங்கிய நாளில் படம் எடுத்து ஊருக்கு அனுப்பாதவர் யார்?

சாண்ட்றிங்ஹாம் கடைத்தெருவும் இப்படித்தான் எங்கள் கைக்கு வந்தது என்பது என் கணிப்பு. மோல்கள் வந்து வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டன. ட்ராம் காலத்துச் சிறு கடைகளுக்கு மவுசு குறைந்தது. பெரிய முதல் இல்லாத புதுக்குடியேறிகளுக்கு அந்தச் சிறிய அளவு பொருந்தியது. ஒரு காலத்தின் மிச்சம் அடுத்த காலத்தின் நாற்றுமேடை ஆகலாம்.

2014க்குப் பிறகு

2014 ஏப்ரலில் ஒக்லாந்தில் முதல் மின்சார ரயில் ஒனிஹங்காப் பாதையில் ஓடியது. 1903 இல் ட்ராம் போன அதே ஒனிஹங்காவுக்குத்தான். அதே ஆண்டு ஒக்டோபர் 13 இல் யாழ்ப்பாணத்துக்கு 'யாழ்தேவி' திரும்பி வந்தது. 2015 சனவரியில் காங்கேசன்துறையைத் தொட்டது. இரண்டு ஊரும் 1902 இல் தொடங்கியதை 2014 இல் மறுபடி தொடங்கின.

1920களில் வரைந்த அந்த நிலக்கீழ்ப் பாதை, 3.45 கிலோமீற்றர் சுரங்கமாக, 2016 இல் கட்டத் தொடங்கப்பட்டது. 2023 இல் அதன் செலவு 5.5 பில்லியன் டொலர் என்று மதிப்பிடப்பட்டது. நூறு ஆண்டு தள்ளிப்போட்டதற்கும் சேர்த்தே இந்த விலை என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் பகுதிக்கு வந்த வாக்குறுதியையும் சொல்ல வேண்டும். நகரில் இருந்து மவுண்ட் றொஸ்கில் வரை டொமினியன் றோட்டில் இலகு ரயில், நாலு ஆண்டில், என்று 2017 இல் சொன்னார்கள். 2022 இல் அது சுரங்கத் திட்டமாக மாறி 14.6 பில்லியன் டொலர் ஆனது. 2024 சனவரியில் புதிய அரசாங்கம் அதை நிறுத்தியது. அதற்குள் 228 மில்லியன் டொலர் செலவாகியிருந்தது. ஒரு அடி தண்டவாளமும் போடப்படவில்லை. எந்தக் கட்சி சரி, எந்தக் கட்சி பிழை என்பது இந்தப் பக்கத்தின் வேலையல்ல. கணக்காளராக நான் பார்ப்பது ஒன்றே. திட்டம் போட்டுப் போட்டு நிறுத்தும் செலவு எந்தக் காரின் விலையிலும் தெரிவதில்லை. ஆனால் எங்கள் வரியிலும், வாரம் பெற்றோலுக்குக் கொடுக்கும் காசிலும், அது இருக்கிறது.

மின்சாரக் கார் வந்தால் எல்லாம் சரியாகிவிடாதா என்று ஒரு நேயர் கேட்டார். இந்த நாட்டு மின்சாரத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் நீர், நிலவெப்பம், காற்று போன்றவற்றில் இருந்து வருவதால் மின்சாரக் காருக்கு இங்கே நியாயம் உண்டு. ஆனால் 2021 யூலையில் இருந்து 2023 முடிவு வரை இருந்த சலுகையைப் பாருங்கள். 80,000 டொலருக்குக் குறைந்த புதிய மின்சாரக் காருக்கு 8,625 டொலர் வரை கிடைத்தது. புதிய கார் வாங்கக்கூடியவருக்குத்தான் பெரிய பங்கு. மங்கரேயில் இரவு வேலை செய்து பதினைந்து வருடப் பழைய கார் ஓட்டுபவருக்கு என்ன கிடைத்தது? பயன் யாருக்கு, செலவு யாருக்கு என்று இரண்டு பத்தியும் எழுதாமல் எந்த மாற்றத்தையும் நீதியான மாற்றம் என்று சொல்ல முடியாது.

மகளுக்குச் சொன்ன பதில்

இதையெல்லாம் எழுதி முடித்து ஒருநாள் மகளிடம் கொடுத்தேன். அவள் சிவப்புப் பேனையால் இரண்டு இடத்தில் திருத்தினாள். ஒரு கணக்காளனுக்கு இதைவிட அவமானம் இல்லை. பிறகு கேட்டாள்.

"அப்ப யாழ்ப்பாணத்தைப் பற்றி நான் எழுதக் கூடாதோ?"

"எழுது பிள்ளை. ஆனால் ரெண்டு பக்கத்தையும் எழுது. எங்களிட்ட எரிபொருள் இல்லாததை மட்டும் எழுதாதை. எங்களிட்ட யாரும் கேக்கேல்லை எண்டதையும் எழுது."

அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அந்த சைக்கிள் டைனமோக் கதையை முழுக்கச் சொல்லுங்கோ" என்றாள். அன்று இரவு பத்தரை மணி வரை சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தனை ஆண்டில் அவள் கேட்டு நான் சொன்ன முதல் ஊர்க்கதை அதுதான்.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பஸ் பாதையை மாற்றப்போகிறோம், ரயில் பாதைக்குப் பக்கத்தில் மாடிவீடுகள் கட்ட விடப்போகிறோம், உங்கள் கருத்து என்ன என்று மாநகர சபையில் இருந்து அவ்வப்போது கடிதம் வரும். நாங்கள் அதைப் பீற்சாக் கடை விளம்பரத்தோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். இனிமேல் போடாதீர்கள். எந்த நேரத்து வேலைக்குப் போகிறீர்கள், எந்த பஸ் கிடைக்கவில்லை, அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக என்ன பாடுபடுகிறீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சிரமம் என்றால் வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கேளுங்கள். ஒருமுறை எங்களைக் கேட்காமலே எல்லாம் நடந்தது. கேட்கிற ஊரில் இருக்கும்போது பதில் சொல்லாமல் விடுவது சரியல்ல.